உடல்நலக் கட்டுரைகளை அச்சேற்றும் முன் ஆசிரியர் கேட்க வேண்டிய கேள்விகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் உடல்நலப் பக்கத்தை நெடுங்காலமாக விடாமல் வாசித்து வருகிறேன். உடற்பயிற்சிக் கூடத்தில் பயிற்சி அளிப்பது என் தொழில் என்பதால், அந்தப் பக்கத்தில் வருவது எவ்வளவு வேகமாக மனிதர்களின் அன்றாடத்துக்குள் புகுந்துவிடுகிறது என்பதை நேரில் பார்க்கிறேன். காலையில் படித்ததை மாலையில் கொண்டுவந்து, “சார், இதைச் செய்யலாமா?” என்று கேட்பவர்கள் பலர். கேட்காமலே செய்து பார்த்துவிட்டு, உடம்புக்கு ஏதாவது வந்த பிறகு வருபவர்கள் அதைவிட அதிகம். அச்சில் வந்த செய்திக்கு இன்னமும் மக்களிடம் தனி மதிப்பு இருக்கிறது. அந்த மதிப்பின் மீதுள்ள அக்கறையால்தான் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

சில காலமாக அந்தப் பக்கத்தின் தலைப்புகள் மாறிவிட்டன. எதை, எவ்வளவு, ஏன் சாப்பிட வேண்டும் என்று பொறுமையாக விளக்கிய கட்டுரைகள் குறைந்து, இத்தனை நாளில் இத்தனை கிலோ குறையும் என்று நாள் குறித்து உறுதி கூறும் கட்டுரைகள் பெருகியிருக்கின்றன. என் வேண்டுகோள் சுருக்கமானது. உடல்நலம் குறித்த எந்த உறுதிமொழியையும் அச்சேற்றும் முன், அந்தப் பலன் எவ்வளவு காலம் நிற்கும், யாரிடம் சோதித்துப் பார்த்தார்கள், சொல்பவருக்கு அதில் என்ன ஆதாயம் என்று கேளுங்கள். கிடைக்கும் பதிலைக் கட்டுரையோடு சேர்த்தே வெளியிடுங்கள். இது ஏன் அவசியம் என்பதை, நான் அன்றாடம் காணும் சிலவற்றைக் கொண்டே விளக்க விரும்புகிறேன்.

‘ஒரே மாதத்தில் 10 கிலோ’ என்ற வாக்குறுதியையே எடுத்துக்கொள்வோம். ஒரு கிலோ உடல் கொழுப்பில் ஏறத்தாழ 7,700 கலோரி ஆற்றல் சேமிக்கப்பட்டிருக்கிறது. பத்து கிலோ கொழுப்பை முப்பது நாளில் கரைக்க வேண்டுமானால், நாளொன்றுக்கு 2,500 கலோரிக்கும் மேல் பற்றாக்குறை ஏற்பட வேண்டும். வயது வந்த ஒருவர் ஒரு நாள் முழுவதும் மூச்சுவிட, நடக்க, வேலை செய்ய, உறங்கச் செலவிடும் மொத்த ஆற்றலே பெரும்பாலும் 2,000 முதல் 2,500 கலோரிக்குள் அடங்கிவிடும். ஆக, மாதம் முழுவதும் ஒரு பருக்கை உண்ணாமல் கிடந்தாலும் பெரும்பாலானோருக்கு அந்தக் கணக்கு நிறைவேறாது. இதைச் சரிபார்க்க மருத்துவப் படிப்பு தேவையில்லை. ஒரு துண்டுக் காகிதமும் பெருக்கல் கணக்கும் போதும். இத்தகைய கட்டுரையை ஏற்கும் முன் ஆசிரியர் குழுவில் ஒருவராவது இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்திருக்கலாமே என்ற வருத்தம் எனக்கு உண்டு.

அப்படியானால் முதல் வாரத்திலேயே எடை இறங்குவதைக் கண்ணாரக் காண்கிறார்களே என்று கேட்கலாம். உண்மைதான், இறங்குகிறது. நம் உடல் மாவுச்சத்தைக் கிளைகோஜன் என்ற வடிவில் கல்லீரலில் ஏறத்தாழ 100 கிராமும் தசைகளில் ஏறத்தாழ 400 கிராமும் சேமித்து வைக்கிறது. ஒவ்வொரு கிராம் கிளைகோஜனும் தன்னோடு சுமார் மூன்று கிராம் நீரையும் பிடித்து வைத்திருக்கும். மாவுச்சத்தைத் திடீரென்று நிறுத்தும்போது அந்தச் சேமிப்பு கரைகிறது. அதனோடு நீரும் வெளியேறுகிறது. எடைக் கருவியில் ஒன்றரை, இரண்டு கிலோ குறைந்து காட்டுவது பெரும்பாலும் இந்த நீர்தான். பழைய உணவுக்குத் திரும்பிய சில நாட்களிலேயே அதே எடை ஏறிவிடும். அப்போது அந்த மனிதர் தன்னைத்தான் நொந்துகொள்கிறார். தனக்கு மனஉறுதி இல்லை என்று முடிவு கட்டிவிடுகிறார். எடை இறங்கியதற்கும் ஏறியதற்கும் அவருடைய மனஉறுதி காரணமில்லை என்பதை அவருக்கு யாரும் சொல்வதில்லை. இந்தத் துறையில் நான் காணும் மிகப் பெரிய அநீதி இதுதான் என்பேன்: பொய்யான வாக்குறுதி தோற்கும்போது, பழி வாக்குறுதி தந்தவர் மீது விழாமல் அதை நம்பியவர் மீது விழுகிறது.

கட்டுரைகளோடு வரும் ‘முன்னே – பின்னே’ படங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். இவை எப்படி எடுக்கப்படுகின்றன என்பது பயிற்சிக் கூடங்களில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும், வாசகர்களுக்குத்தான் தெரியாது. முதல் படத்தில் ஆள் வயிறு நிறைய உண்டிருப்பார், தோள்களைத் தொங்கவிட்டிருப்பார், வயிற்றைத் தளர்த்தியிருப்பார், முகத்தில் சிரிப்பு இருக்காது, விளக்கு நேர் எதிரே இருந்து அடிக்கும். இரண்டாவது படத்துக்கு முன் பல மணி நேரம் தண்ணீர் குடிக்காமல் இருப்பார். படம் எடுப்பதற்குச் சற்று முன் இருபது முப்பது தண்டால் எடுத்துத் தசைகளில் ரத்தம் பாய்ந்து புடைக்கச் செய்வார். உடலில் எண்ணெய் தடவியிருப்பார். மூச்சை வெளியே விட்டு வயிற்றை இறுக்கியிருப்பார். விளக்கு மேலே இருந்தோ பக்கவாட்டில் இருந்தோ விழுந்து ஒவ்வொரு மடிப்புக்கும் நிழல் தரும். இரண்டு படங்களையும் ஒரே நாளில் எடுத்துவிடலாம். எல்லாப் படங்களும் இப்படிப்பட்டவை என்று நான் கூறவில்லை. ஆண்டுக்கணக்கில் உழைத்து உண்மையிலேயே மாறியவர்கள் இருக்கிறார்கள். ஆனால் படத்தை மட்டும் பார்த்து எது உண்மை, எது ஜோடனை என்று என்னாலேயே பல சமயம் சொல்ல முடிவதில்லை. அப்படியிருக்க, அதை ஆதாரம் என்று ஒரு நாளிதழ் எப்படி வெளியிடலாம்?

பதின்ம வயதுப் பிள்ளைகள் அந்தப் படத்தைக் கைபேசியில் வைத்துக்கொண்டு வந்து, இந்த உடம்பு எப்போது வரும் என்று கேட்கிறார்கள். நேர்மையாகச் சொன்னால் ஏமாற்றத்தோடு போகிறார்கள். அவர்களில் சிலர் அடுத்து வேறு யாரிடமாவது போய் தசை வளர்க்கும் ஊசி போட்டுக்கொள்கிறார்கள். அனபாலிக் ஸ்டீராய்டுகள் தசையை வளர்க்கும் என்பது உண்மை. அதே மருந்துகள் உடல் தானாகச் சுரக்கும் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனை முடக்கும், விந்தணு உற்பத்தியைக் குறைக்கும், ரத்தக் கொழுப்பின் சமநிலையைக் கெடுக்கும், இதயத் தசையைத் தடிக்கச் செய்யும் என்பதும் உண்மை. ஒரு படத்துக்குக் கீழே இருக்கும் பொய், பதினேழு வயதுப் பையனின் இதயம் வரை போகிறது.

உணவுக்கு வருகிறேன். அண்மையில் நடுத்தர வயதுப் பெண்மணி ஒருவர், விளம்பரத்தை நம்பி வாங்கிய புரோட்டீன் பவுடர் டப்பாவோடு வந்தார். இருவரும் உட்கார்ந்து லேபிளை வரி வரியாகப் படித்தோம். டப்பாவின் முன்பக்கத்தில் புரதத்தின் அளவு பெரிய எழுத்தில் இருந்தது. அது எத்தனை ஸ்கூப்புக்கான அளவு என்பது பின்பக்கத்தில், கண்ணாடி போட்டுப் படிக்க வேண்டிய எழுத்தில் இருந்தது. உட்பொருள் பட்டியலில் எது அதிகமாக இருக்கிறதோ அதுவே முதலில் வரும் என்பது பொதுவான விதி. அந்தப் பட்டியலில் முதலில் இருந்தது மால்டோடெக்ஸ்ட்ரின் என்னும் மாவுச்சத்து, அடுத்து சர்க்கரை, அதற்கும் பிறகே புரதம் வந்தது. “அப்போ நான் சர்க்கரையைத்தான் இத்தனை நாள் கரைச்சுக் குடிச்சேனா?” என்று அவர் கேட்டார். ஆமாம் என்பதைத் தவிர வேறு பதில் என்னிடம் இல்லை.

புரோட்டீன் பவுடர் நஞ்சு என்று நான் சொல்ல வரவில்லை. அதுவும் இன்னொரு மிகைப்படுத்தலாகிவிடும். கடுமையாகப் பயிற்சி செய்யும் விளையாட்டு வீரருக்கும், பசியில்லாமல் உணவு இறங்காத முதியவருக்கும், நோயிலிருந்து தேறி வருபவருக்கும் நல்ல தரமான பவுடர் வசதியான வழிதான். சராசரி உடலுழைப்பு உள்ள வயது வந்தவருக்கு உலக சுகாதார நிறுவனம் உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் போதும் என்கிறது. 60 கிலோ எடையுள்ளவருக்கு ஏறத்தாழ 50 கிராம். தொடர்ந்து எடை தூக்கிப் பயில்பவருக்கு 1.2 முதல் 2 கிராம் வரை தேவைப்படலாம். பருப்பு வகைகள், பால், முட்டை, மீன், இறைச்சி, கொட்டைகள் ஆகியவற்றை மூன்று வேளையும் பகிர்ந்து உண்பவர்களில் பெரும்பாலோருக்கு இந்த அளவு உணவிலேயே கிடைத்துவிடும். சிறுநீரக நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக் கூடாது என்ற ஒரு வரியையாவது இத்தகைய ஒவ்வொரு கட்டுரையும் தாங்கி வர வேண்டும். அந்த வரி பெரும்பாலும் காணப்படுவதே இல்லை.

சமச்சீர் உணவு என்றால் என்ன என்பதில் உலக அளவில் பெரிய குழப்பம் ஏதும் இல்லை என்பதையும் வாசகர்கள் அறிய வேண்டும். நாள்தோறும் வெளியாகும் முரண்பட்ட தலைப்புகளைப் பார்த்து, விஞ்ஞானிகளுக்கே ஒன்றும் தெரியவில்லை போலும் என்று பலர் சலித்துக்கொள்கிறார்கள். அடிப்படைகள் பல ஆண்டுகளாகப் பெரிதாக மாறவில்லை. நாளொன்றுக்குக் காய்கறியும் பழமுமாகக் குறைந்தது 400 கிராம். நார்ச்சத்து குறைந்தது 25 கிராம். உப்பு 5 கிராமுக்குக் கீழே, அதாவது ஒரு தேக்கரண்டிக்குள். உணவில் சேர்க்கப்படும் சர்க்கரையிலிருந்து வரும் ஆற்றல் மொத்தத்தில் பத்து சதவீதத்துக்குக் கீழே, முடிந்தால் ஐந்துக்கும் கீழே. 2,000 கலோரி உண்பவருக்குப் பத்து சதவீதம் என்பது 50 கிராம் சர்க்கரை. 330 மில்லி கோலா பானம் ஒன்றிலேயே ஏறத்தாழ 35 கிராம் இருக்கிறது என்பதை வைத்துப் பார்த்தால் இந்த எண்ணின் பொருள் விளங்கும். நிறைவுற்ற கொழுப்பைக் குறைத்து அந்த இடத்தில் தாவர எண்ணெய்களையும் கொட்டைகளையும் மீனையும் வைப்பது, தீட்டிய தானியத்துக்குப் பதில் முழுதானியத்தைக் கூட்டுவது, எண்ணெயைக் கெட்டியாக்கும்போது உருவாகும் டிரான்ஸ் கொழுப்பை அறவே தவிர்ப்பது ஆகியவற்றிலும் கருத்து வேறுபாடு இல்லை. முற்றிலும் தாவர உணவு உண்பவருக்கு பி12 வைட்டமினைத் தனியே சேர்க்க வேண்டும். மாதவிடாய் வரும் வயதிலுள்ள பெண்களுக்கு இரும்புச்சத்தில் கூடுதல் கவனம் வேண்டும். இவற்றில் எதிலும் பரபரப்பு இல்லை; அதனால்தான் தலைப்பாக வருவதில்லை என்று நினைக்கிறேன்.

கொழுப்பே எதிரி என்று ஒரு காலமும், மாவுச்சத்தே எதிரி என்று இன்னொரு காலமும் மாறி மாறி வருகின்றன. 2018-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தினர் வெளியிட்ட ஓர் ஆய்வில் 609 பேரை இரு குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவுக்குக் கொழுப்பு குறைந்த உணவும் மற்றதற்கு மாவுச்சத்து குறைந்த உணவும் ஓராண்டு பரிந்துரைத்தார்கள். முதல் குழு சராசரியாக 5.3 கிலோவும் இரண்டாவது குழு 6 கிலோவும் குறைந்தது. புள்ளியியல்படி இதைப் பொருட்படுத்தத்தக்க வேறுபாடாகக் கொள்ள முடியவில்லை. கவனிக்க வேண்டியது என்னவென்றால், இரு குழுவினரிடமும் சர்க்கரையையும் தீட்டிய மாவையும் குறையுங்கள், காய்கறியைக் கூட்டுங்கள், முடிந்தவரை பதப்படுத்தாத உணவை உண்ணுங்கள் என்றே சொல்லப்பட்டிருந்தது. மறு ஆண்டே அமெரிக்கத் தேசிய சுகாதாரக் கழகங்களில் கெவின் ஹால் குழுவினர் 20 பேரை ஆய்வகத்திலேயே தங்கவைத்து, இரண்டு வாரம் மிகையாகப் பதப்படுத்திய உணவையும் இரண்டு வாரம் பதப்படுத்தாத உணவையும் விரும்பிய அளவு உண்ணச் செய்தனர். பரிமாறப்பட்டவற்றில் கலோரி, சர்க்கரை, கொழுப்பு, நார்ச்சத்து ஆகியவை இரண்டிலும் ஈடாகவே வைக்கப்பட்டிருந்தன. இருந்தும் பதப்படுத்திய உணவு கிடைத்த நாட்களில் அவர்கள் நாளொன்றுக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாக உண்டார்கள். இருபது பேர் என்பது சிறிய எண்ணிக்கை, நான்கு வாரம் என்பது குறுகிய காலம்; அதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆனாலும் எந்தச் சத்தை விலக்குவது என்று சண்டையிடுவதைவிட, உணவு எவ்வளவு பதப்படுத்தப்பட்டு நம்மிடம் வருகிறது என்று கேட்பது பயனுள்ளது என்று நான் கருதுவதற்கு இந்த ஆய்வும் ஒரு காரணம்.

பட்டினிக்கு நிகரான டயட் திட்டங்களை வெளியிடும் முன், 1944-45-இல் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் நடத்திய ஆய்வை ஒருமுறை நினைவுகூர வேண்டும். ஆரோக்கியமான 36 இளைஞர்கள், தாமாக முன்வந்தவர்கள். ஆறு மாதம் அவர்களுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,570 கலோரி உணவு தரப்பட்டது. கூடவே ஏராளமான நடையும் உண்டு. எடையில் கால் பங்கை இழந்தார்கள். அதோடு நிற்கவில்லை. எந்நேரமும் உணவைப் பற்றியே நினைத்தார்கள், சமையல் குறிப்புகளைச் சேகரித்தார்கள், எரிச்சலும் சோர்வும் மனச்சோர்வும் கொண்டார்கள், குளிர் தாங்காமல் தவித்தார்கள். இன்று நம் கைபேசிகளில் வலம் வரும் டயட் அட்டவணைகளில் அதைவிடக் குறைந்த கலோரி இருப்பதைப் பார்க்கிறேன். அவற்றைப் பின்பற்றுவோர் தலைசுற்றுகிறது, முடி கொட்டுகிறது, மாதவிடாய் தவறுகிறது என்று சொல்லும்போது, அது உடல் தூய்மையாவதன் அறிகுறி என்று சிலர் சமாதானம் கூறுகிறார்கள். அது பட்டினியின் அறிகுறி. உடலைத் தூய்மைப்படுத்தும் வேலையைக் கல்லீரலும் சிறுநீரகமும் அன்றாடம் செய்கின்றன. சிறுநீரகங்கள் மட்டும் நாளொன்றுக்கு ஏறத்தாழ 180 லிட்டர் திரவத்தை வடிகட்டுகின்றன. எந்த டீடாக்ஸ் சாறும் அவற்றுக்கு மாற்றாகாது.

‘இயற்கையானது, பக்க விளைவே இல்லை’ என்ற சொற்றொடரோடு வரும் எடைக்குறைப்பு மாத்திரைகளில் எனக்குள்ள அச்சம் காரணமில்லாதது அன்று. 1930-களில் டைநைட்ரோஃபீனால் என்ற வேதிப்பொருள் கொழுப்பைக் கரைக்கும் மருந்தாக அமெரிக்காவில் பரவலாக விற்கப்பட்டது. எடை குறைந்தது, பலர் கண்புரை வந்து பார்வை இழந்தனர், உடல் வெப்பம் கட்டுக்கடங்காமல் ஏறிச் சிலர் இறந்தனர். 1938-இல் அது மனிதர் உட்கொள்ளத் தகாதது என அறிவிக்கப்பட்டது. சிபுட்ரமின் என்ற மருந்து மாரடைப்பு, பக்கவாத ஆபத்தின் காரணமாக 2010-இல் பல நாடுகளில் திரும்பப் பெறப்பட்டது. அதன் பிறகும் மூலிகைப் பொருள் என்று விற்கப்படும் மெலிவு மாத்திரைகளில் அது கலந்திருப்பதைச் சோதனைகள் பலமுறை கண்டுபிடித்திருக்கின்றன. வைட்டமின்கூடக் கூடினால் நல்லது என்று சொல்லிவிட முடியாது. ஃபின்லாந்தில் புகைபிடிக்கும் 29,133 ஆண்களிடம் நடந்து 1994-இல் வெளியான ஆய்வில், உடலில் வைட்டமின் ஏ-ஆக மாறும் பீட்டா கரோட்டினை மாத்திரையாக எடுத்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் அதிகமாக வந்தது. காய்கறியில் இருக்கும்போது நன்மை தரும் ஒன்று மாத்திரையாகும்போதும் அப்படியே இருக்கும் என்ற ஊகம் அங்கே பொய்த்தது.

உடல் பருமனுக்காக மருத்துவர் எழுதித் தரும் செமாக்ளூடைடு போன்ற புதிய ஊசிகளை நான் இவற்றோடு சேர்க்கவில்லை. அவை முறையாகச் சோதிக்கப்பட்டவை. பெரிய ஆய்வு ஒன்றில் 68 வாரங்களில் சராசரியாக எடையில் 15 சதவீதம் குறைந்தது. ஊசியை நிறுத்திய ஓராண்டுக்குள், குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பியது. இரண்டு செய்திகளும் ஒரே கட்டுரையில், ஒரே அளவு எழுத்தில் வர வேண்டும் என்பதே என் கோரிக்கை. பருமனாக இருப்பவரைச் சோம்பேறி என்று பழிக்கும் தொனியும் நம் எழுத்துகளிலிருந்து அகல வேண்டும். மரபணு, உட்கொள்ளும் பிற மருந்துகள், ஹார்மோன் கோளாறுகள், உறக்கக் குறைவு, இரவுப் பணி, கைக்கு எட்டும் உணவின் தரம் என எடையைத் தீர்மானிக்கும் காரணங்கள் பல. அவமானப்படுத்தப்பட்டவர்கள் பயிற்சிக் கூடத்தின் வாசலோடு திரும்பிப் போய்விடுகிறார்கள். அதை நான் பார்த்திருக்கிறேன்.

உடற்பயிற்சி பற்றி எழுதும்போது எடைக் கருவியை ஒதுக்கி வைத்துவிட்டு எழுதினால் நன்றாயிருக்கும். 1953-இல் ஜெரி மாரிஸ் என்ற மருத்துவர் லண்டன் மாடிப் பேருந்துகளில் வேலை செய்தவர்களை ஆராய்ந்தார். நாள் முழுதும் உட்கார்ந்தே இருந்த ஓட்டுநர்களைவிட, படியேறி இறங்கிக்கொண்டே இருந்த நடத்துநர்களுக்கு இதய நோய் குறைவாக இருந்தது. அதன் பிறகான ஆய்வுகள் இதை மேலும் மேலும் உறுதிப்படுத்தியுள்ளன. எடை ஒரு கிலோகூடக் குறையாவிட்டாலும், உடற்பயிற்சியால் ரத்த அழுத்தம் இறங்குகிறது, இன்சுலின் நன்றாக வேலை செய்கிறது, உறக்கம் ஆழமாகிறது, மனம் தெளிகிறது. மூன்று மாதம் ஒழுங்காக வந்தும் எடை குறையவில்லை என்று மனம் விட்டுப்போய் நின்றுவிட இருந்த ஒருவரிடம், முன்பு எத்தனை மாடி ஏறினால் மூச்சு வாங்கியது, இப்போது எத்தனை என்று கேட்டேன். சற்று யோசித்தார். அதன் பின் அவர் நிற்கவில்லை.

உலக சுகாதார நிறுவனத்தின் 2020-ஆம் ஆண்டுப் பரிந்துரை, வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு, அல்லது 75 முதல் 150 நிமிடம் கடும் உழைப்பு, அதோடு வாரத்தில் இரண்டு நாளாவது தசைகளை வலுப்படுத்தும் பயிற்சி என்கிறது. 65 வயதைக் கடந்தவர்கள் வாரத்தில் மூன்று நாள் சமநிலைப் பயிற்சியும் சேர்க்க வேண்டும். இந்தக் கடைசி இரண்டும் நம் பத்திரிகைகளில் ஏறத்தாழ வருவதே இல்லை. தசை வலு என்றாலே இளைஞர்களின் அழகு விவகாரம் என்று ஒதுக்கிவிடுகிறோம். வயதாக ஆகத் தசை தேய்கிறது. நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழ முடிவதும், தடுக்கினால் விழாமல் சுதாரித்துக்கொள்வதும், தன் பையைத் தானே தூக்கிக்கொள்வதும் அந்தத் தசையைப் பொறுத்தவை. எழுபது வயதில் தொடங்கினாலும் வலு கூடும். அறுபதைக் கடந்தவர்கள் ஒருவர் கையை ஒருவர் பார்த்துக்கொண்டு சிறு டம்பெல்களைத் தூக்குவதைக் காண்பதைவிட என் தொழிலில் எனக்கு நிறைவு தருவது வேறில்லை. நாளுக்குப் பத்தாயிரம் அடி நடந்தே தீர வேண்டும் என்பதும் விதியன்று. அந்த எண் 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த நடை எண்ணும் கருவியிலிருந்து பரவியது. அதைவிடக் குறைந்த நடையிலேயே கணிசமான பலன் தொடங்கிவிடுகிறது. பத்தாயிரம் முடியாது என்று நடக்காமலே இருந்துவிடுபவர்களுக்கு இதைச் சொல்வது அவசியம்.

நேர்மையான வாக்குறுதி எப்படி இருக்கும் என்பதற்கும் ஓர் எடுத்துக்காட்டு தருகிறேன். சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த 3,234 பேரிடம் அமெரிக்காவில் நடந்து 2002-இல் வெளியான ஆய்வில், ஒரு குழுவினருக்கு எடையில் 7 சதவீதம் குறைப்பது, வாரம் 150 நிமிடம் உடலுழைப்பு என்ற இரண்டு இலக்குகள் மட்டுமே வைக்கப்பட்டன. சராசரியாக மூன்றாண்டு அளவில் பார்த்தபோது, மருந்தில்லாத வெற்று மாத்திரை பெற்ற குழுவோடு ஒப்பிட இவர்களுக்குச் சர்க்கரை நோய் வருவது 58 சதவீதம் குறைந்திருந்தது. சர்க்கரை நோய்க்குத் தரப்படும் மெட்ஃபார்மின் மாத்திரையை எடுத்த இன்னொரு குழுவினருக்கு 31 சதவீதம் குறைந்தது. 80 கிலோ எடையுள்ளவருக்கு 7 சதவீதம் என்பது ஐந்தரை கிலோதான். யாரும் ‘சிக்ஸ் பேக்’ பெறவில்லை. படமெடுத்துக் காட்ட ஏதுமில்லை. ஆனால் யாரிடம் சோதித்தார்கள், எவ்வளவு காலம், எவ்வளவு பலன் என்ற மூன்றுக்கும் பதில் இருக்கிறது. வாரத்துக்கு அரை கிலோ என்ற கணக்கில் போனால் ஐந்தரை கிலோ குறையப் பதினோரு வாரம் ஆகும். இதையே தலைப்பாக்கலாம் என்று துணிந்து சொல்கிறேன்.

சதவீதங்களை வெளியிடும் விதத்திலும் கவனம் வேண்டும். பதப்படுத்திய இறைச்சியை நாள்தோறும் 50 கிராம் உண்டால் பெருங்குடல் புற்றுநோய் ஆபத்து 18 சதவீதம் கூடுகிறது என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 2015-இல் அறிவித்தது. படித்தவர்கள் பலர், நூறில் பதினெட்டுப் பேருக்குப் புற்றுநோய் வரும் என்று புரிந்துகொண்டார்கள். வாழ்நாளில் நூறில் ஐந்து பேருக்கு வரக்கூடிய நோய் என்று வைத்துக்கொண்டால், 18 சதவீதம் கூடும்போது அது ஏறத்தாழ ஆறு பேராகும். புகையிலை இருக்கும் அதே பிரிவில் பதப்படுத்திய இறைச்சியையும் சேர்த்தது, ஆதாரம் உறுதியாக இருக்கிறது என்பதற்காக. ஆபத்தின் அளவு இரண்டிலும் ஒன்று என்பதற்காக அன்று. இந்த இரண்டு வாக்கியங்கள் செய்தியில் இருந்திருந்தால் தேவையற்ற பீதியும் இருந்திருக்காது, ‘இவர்கள் இப்படித்தான் பயமுறுத்துவார்கள்’ என்ற அலட்சியமும் வந்திருக்காது.

இனி என் கோரிக்கைகள். பணம் பெற்று வெளியிடும் கட்டுரைகளின் தலைக்கு மேல் ‘விளம்பரம்’ என்று, கட்டுரையின் எழுத்தளவிலேயே அச்சிடுங்கள். எழுதுபவர் ஏதேனும் உணவுப் பொருளையோ பயிற்சித் திட்டத்தையோ விற்பவர் என்றால், அதைக் கட்டுரையின் முடிவில் ஒரு வரியில் தெரிவியுங்கள். ஆய்வு பற்றிய செய்தியில் எத்தனை பேர், எத்தனை காலம், மனிதர்களா எலிகளா, செலவை ஏற்றது யார் என்பவற்றைக் கேட்டு வாங்குங்கள். எலிகளிடம் செய்த ஆய்வு என்றால் தலைப்பிலேயே சொல்லிவிடுங்கள். ‘முன்னே – பின்னே’ படங்களை அறவே நிறுத்துங்கள். பதிவு பெற்ற உணவியல் வல்லுநர் ஒருவரும் மருத்துவர் ஒருவரும் அந்தப் பக்கத்தை அச்சுக்குப் போகும் முன் பார்வையிட ஏற்பாடு செய்ய முடியுமானால், அதைவிடப் பெரிய வாசகர் சேவை இருக்க முடியாது. இதற்கெல்லாம் செலவும் நேரமும் ஆகும் என்பதை அறிவேன். பரபரப்பான தலைப்புகளைப் போல இவற்றுக்கு உடனடி வரவேற்பும் கிடைக்காமல் போகலாம். இருந்தாலும் கேட்கிறேன், ஏனெனில் எங்களைப் போன்றவர்கள் கூடத்தில் பத்துப் பேரிடம் சொல்லித் திருத்துவதைத் தங்கள் பக்கம் ஒரே காலையில் பல்லாயிரம் பேருக்குச் சொல்லிவிட முடியும்.

இவை அனைத்தையும் ஒரே நாளில் செய்ய இயலாது என்றால், ஒன்றை மட்டும் உடனே தொடங்குங்கள். நேரக் கட்டுப்பாட்டுடன் உண்ணாதிருக்கும் முறை பற்றித் தங்கள் பக்கத்தில் அடிக்கடி கட்டுரை வருகிறது. இன்சுலின் போட்டுக்கொள்பவரோ, ரத்தச் சர்க்கரையைக் குறைக்கும் சல்ஃபோனைல்யூரியா வகை மாத்திரை எடுப்பவரோ மருத்துவரைக் கேட்டு மருந்தின் அளவை மாற்றாமல் அப்படி உணவைத் தவிர்த்தால், ரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கி மயங்கி விழ நேரிடும். கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், வளரும் பிள்ளைகள், உணவுண்ணும் பழக்கத்தில் கோளாறு இருந்தவர்கள் ஆகியோரும் இதை முயலக் கூடாது. இந்த எச்சரிக்கையை அத்தகைய கட்டுரையின் முதல் பத்தியிலேயே, அடுத்த வாரப் பதிப்பிலிருந்து வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் நெடுங்கால வாசகர்,
உடற்பயிற்சிப் பயிற்றுநர்